மூன்றரை கிராமா, ஒரு பவுனா? ரீஃபண்ட் வந்த வாரம் வீட்டில் நடந்த கணக்கு

2025 செப்டம்பர் இரண்டாவது வாரம், மதியம் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. கணக்கில் 39,225 ரூபாய் வரவு. வருமான வரி ரீஃபண்ட். சாயங்காலம் வீட்டுக்குப் போய் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அடுத்த அரை மணி நேரத்தில் அந்தப் பணத்துக்கு நான்கு பேர் உரிமையாளர் ஆகிவிட்டார்கள்.

"என்னங்க, புரட்டாசி பிறக்கறதுக்குள்ள ஒரு தோடு எடுத்துடலாம், தீபாவளிக்குப் போட ஒண்ணுமே இல்ல" என்றாள் மனைவி. "கைக்குழந்தை மாதிரி பேங்க்ல போட்டு வைப்பா, யாருக்கு எப்ப என்ன வரும்னு சொல்ல முடியாது" என்றார் அம்மா. மகளுக்கு சைக்கிள். எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை, என் போனின் கண்ணாடி மூன்று மாதமாக விரிசல் விட்டுக் கிடக்கிறது.

ரீஃபண்ட் என்றாலே எல்லோருக்கும் லாட்டரி அடித்த மாதிரி ஒரு முகம் வந்துவிடுகிறது. அது நம்ம பணம்தான். போன வருஷம் மாதாமாதம் சம்பளத்தில் கூடுதலாகப் பிடித்துவிட்டு, இப்போது திருப்பித் தருகிறார்கள். என் விஷயத்தில் கூடுதலாகப் பிடிக்கவிட்டதும் நான்தான். வீட்டு வாடகை மாதம் 17,000. வருஷத்துக்கு ஒரு லட்சத்தைத் தாண்டுவதால் வீட்டுக்காரருடைய பான் எண்ணைக் கம்பெனியில் கொடுக்க வேண்டும். அவர் "இதோ தரேன் தம்பி" என்று சொல்லிச் சொல்லியே ஜனவரியைக் கடத்திவிட்டார். அப்பா அம்மாவுக்குக் கட்டிய மருத்துவக் காப்பீட்டு ரசீது 28,000 ரூபாய்க்கு. அதையும் கெடு முடிந்த பிறகுதான் தேடி எடுத்தேன். விளைவு, 83,720 ரூபாய் டி.டி.எஸ்., அதாவது சம்பளத்திலேயே பிடிக்கும் வரியாகப் போய்விட்டது.

இதில் பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. கம்பெனியில் காட்டத் தவறிய வாடகையையும் காப்பீட்டையும் பழைய வரி முறையில் இருப்பவர்கள் ரிட்டர்னிலேயே காட்டிக்கொள்ளலாம், ஆதாரம் கையில் இருந்தால் போதும். திருச்சியில் அடிப்படைச் சம்பளத்தில் 40 சதவீதம், கையில் வரும் வாடகைப்படி, வாடகையில் அடிப்படைச் சம்பளத்தின் பத்தில் ஒரு பங்கைக் கழித்தது, இந்த மூன்றில் எது குறைவோ அதற்கு வரி கிடையாது. எனக்கு அது 1,56,000 வந்தது. காப்பீட்டையும் சேர்த்துக் கழித்த பிறகு கட்ட வேண்டிய வரி 45,448. மீதி, பத்து ரூபாய்க்கு ரவுண்ட் செய்து, 38,270 திரும்ப வர வேண்டும். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை மாதம் அரை சதவீதம் வீதம் வட்டி 955. இந்த வட்டியை அடுத்த ரிட்டர்னில் வருமானமாகக் காட்ட வேண்டும். ரீஃபண்டுக்கு வரி கிடையாது, அதன் வட்டிக்கு உண்டு.

ஜூலை முதல் வாரமே தாக்கல் செய்து, இ-வெரிஃபையும் முடித்தவனுக்கு ஏன் செப்டம்பர் வரை ஆனது? எல்லாம் இனிஷியலால் வந்த வினை. பான் அட்டையில் அப்பா பெயர் முழுதாக விரிந்து என் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பழைய வங்கிக் கணக்கில் பெயருக்கு முன்னால் ஓரெழுத்துதான். பெயர் பொருந்தவில்லை என்று பணம் திரும்பிப் போய்விட்டது. பான் பெயரிலேயே இருக்கும் இன்னொரு கணக்கை வரித்துறை இணையதளத்தில் சேர்த்துச் சரிபார்த்து, ரீஃபண்டை மறுபடி அனுப்பச் சொல்லி விண்ணப்பம் போட்ட பிறகுதான் வந்தது. நம் ஊரில் பாதிப் பேருக்கு இந்தச் சிக்கல் இருக்கும். தாக்கல் செய்யும் முன்பே பார்த்துவிடுங்கள். அப்புறம், 'ரீஃபண்ட் தயார், இந்த லிங்கைத் தொடுங்கள்' என்று வரும் குறுஞ்செய்திகளைத் தொடவே வேண்டாம். ரீஃபண்ட் போட எந்த அதிகாரியும் ஓ.டி.பி. கேட்க மாட்டார்.

சரி, பணம் வந்துவிட்டது. என்ன செய்வது?

முதலில் தோடு. அன்றைக்குப் பவுன் 80,000-ஐத் தாண்டியிருந்தது. கணக்குக்குக் கிராம் 10,000 என்றே வைத்துக்கொள்வோம். பெரிய கடை வீதியில் எந்தக் கடையில் ஏறினாலும் சேதாரம், செய்கூலி என்று பத்து சதவீதமாவது வரும், நல்ல வேலைப்பாடு என்றால் அதற்கு மேல். மொத்தத்தின் மேல் மூன்று சதவீதம் ஜி.எஸ்.டி. ஆக ஒரு கிராம் நகை கையில் வர 11,330 ரூபாய். 39,225 ரூபாய்க்கு மூன்றரை கிராம்கூட முழுசாக வராது, அரைப் பவுனுக்கும் கீழே. அதே நகையை மறுநாள் விற்கப் போனால் சேதாரத்துக்கும் ஜி.எஸ்.டி.க்கும் காசு கிடையாது. முழு எடைக்கும் அன்றைய விலையே கொடுத்தாலும் 34,600 சுமார். ஒரே ராத்திரியில் நான்காயிரத்து அறுநூறு போச்சு. விலை ஏறும், ஈடுகட்டிவிடும் என்பார்கள். ஏறலாம். ஆனால் முதல் பதிமூன்று சதவீத ஏற்றம் கடைக்காரருக்கும் அரசுக்கும் கொடுத்ததை மீட்கவே சரியாகிவிடும். போட்டு அழகு பார்க்க வாங்குகிறோம் என்றால் அது வேறு. சேமிப்பு என்ற பெயரில் நகை வாங்குவதுதான் எனக்கு உறுத்துகிறது.

அம்மா சொன்ன வழி, பேங்கில் போடுவது. சேமிப்புக் கணக்கில் சும்மா விட்டால் பெரிய வங்கிகளில் அப்போது இரண்டரை சதவீதம்தான். ஃபிக்சட் டெபாசிட் என்றால் ஆறு, ஆறரை. அவசரத்துக்குக் கையில் காசே இல்லாத வீட்டுக்கு இதுதான் முதல் வழி, மற்ற எதைப் பற்றியும் யோசிக்கவே கூடாது. ராத்திரி பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரியில் அட்வான்ஸ் கட்டச் சொன்னால் ஃபண்டும் பத்திரமும் உதவாது. எங்களிடம் இரண்டு மாதச் செலவுக்கு ஒரு டெபாசிட் இருக்கிறது. போதாதுதான், ஆனால் பூஜ்யம் இல்லை.

மகள் பேரில் செல்வமகள் சேமிப்புக் கணக்கு இருக்கிறது. வட்டி 8.2 சதவீதம், அதற்கு வரியும் இல்லை. அரசு சேமிப்புத் திட்டங்களில் இதைவிட அதிகம் தருவது எனக்குத் தெரிந்து கிடையாது. பொது சேமநல நிதியான பி.பி.எஃப். 2020 ஏப்ரலிலிருந்து 7.1-லேயே நிற்கிறது. மகளுக்கு இப்போது ஆறு வயது. இந்த 39,000-ஐப் போட்டு, வட்டி இப்படியே இருந்தால் பதினைந்து வருஷத்தில் ஒரு லட்சத்து இருபத்தேழாயிரம். வட்டியைக் காலாண்டுக்கு ஒருமுறை அரசு மாற்றலாம் என்பதால் 'இருந்தால்' என்ற சொல்லைக் கொஞ்சம் அழுத்தியே படிக்க வேண்டும். நல்ல வழிதான். கடன் இல்லாத வீடாக இருந்திருந்தால் யோசிக்காமல் அஞ்சலகத்துக்குப் போயிருப்பேன். போடுகிறவர்கள் மாதம் ஐந்தாம் தேதிக்குள் போடுங்கள். ஆறாம் தேதி போட்டால் அந்த மாத வட்டி கிடையாது.

அடுத்த வருஷமே தேவைப்படக்கூடிய பணத்தை நான் மியூச்சுவல் ஃபண்டில் போடுவதில்லை. சீட்டில் ஏற்கெனவே ஒன்று ஓடுகிறது, இன்னொன்றைத் தாங்காது.

கடன் பக்கம் வந்தால்தான் கணக்கு சூடு பிடிக்கிறது. அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரருக்கும் அதே வாரம் ரீஃபண்ட் வந்தது, 24,000 சொச்சம். அவர் நேராக ஒரு பைக்குக்கு முன்பணம் கட்டக் கிளம்பினார். கிரெடிட் கார்டில் 22,000 பாக்கி, மாதாமாதம் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டிக்கொண்டிருக்கிறார் என்பது பேச்சுவாக்கில்தான் தெரிந்தது. மாதம் மூன்றரை சதவீதம் என்றால் 770 ரூபாய் வட்டி, அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்து 900-க்கு மேல். பாக்கி இருக்கும்வரை அந்தக் கார்டில் புதிதாக வாங்கும் பொருளுக்கும் முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும், அந்த ஐம்பது நாள் சலுகை கிடையாது. "மூணரை பர்சன்ட்தானே சார், பர்சனல் லோனே பன்னெண்டு பதிமூணு ஆகுது" என்றார். மூன்றரை என்பது ஒரு மாதத்துக்கு, பன்னிரண்டு என்பது ஒரு வருஷத்துக்கு என்று சொன்னதும் கால்குலேட்டரை எடுத்தார். 42 என்று வந்தது. உலகத்தில் எந்த முதலீடும் நிச்சயமாக 42 சதவீதம் தராது. கார்டில் பாக்கி இருப்பவர்கள் இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டு அதை அடைத்துவிடலாம்.

கோயம்புத்தூரில் மச்சான் வீடு வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது. 25 லட்சம், இருபது வருஷம், எட்டரை சதவீதம். அவருக்குப் போனில் சொன்னது வேறு. மாறும் வட்டியில் எடுத்த வீட்டுக் கடனைத் தனி நபர்கள் முன்கூட்டி அடைத்தால் அபராதம் வசூலிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லிவிட்டது. இப்போதே 39,000 கட்டினால் கடைசியில் கிட்டத்தட்ட எட்டு மாதத் தவணை குறையும். அவருடைய தவணை 21,700. அதாவது இன்றைக்கு 39,000, பதினெட்டு வருஷம் கழித்து ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கு மேல் மிச்சம். கட்டும்போது ஒரு வார்த்தை எழுதிக் கொடுக்க வேண்டும்: தவணைத் தொகையைக் குறைக்காதீர்கள், காலத்தைக் குறையுங்கள் என்று. தவணை முந்நூற்றைம்பது ரூபாய் குறைந்தால் அது எங்கே போகிறதென்றே தெரியாது. ஆனால் வீட்டுக் கடனில் போட்ட பணம் உள்ளே போனது போனதுதான், அவசரத்துக்குத் திரும்ப எடுக்க முடியாது. ஓவர்டிராஃப்ட் வசதியோடு கடன் எடுத்தவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு.

எனக்கு வீட்டுக் கடன் இல்லை, கார்டில் பாக்கி இல்லை. இருப்பது நகைக்கடன். போன வருஷம் நவம்பரில் வாடகை வீடு மாறியபோது அட்வான்ஸுக்கும் மகளின் பள்ளிச் சேர்க்கைக்கும் சேர்த்து வைத்தது. அம்மாவின் மூன்று பவுன் சங்கிலி ஒரு ரசீதில், 1,10,000. மனைவியின் ஒரு பவுன் ஜிமிக்கித் தோடு இன்னொரு ரசீதில், 34,000. இரண்டுக்கும் ஒன்பதரை சதவீத வட்டி.

எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வைத்தேன். டெபாசிட் ஆறரை, செல்வமகள் 8.2, நகைக்கடன் 9.5. ஒன்பதரைக்கு வாங்கி 8.2-க்குப் போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் சுமப்பது. இதுவரை கணக்கு நேர். அடுத்த கேள்விதான் சுவாரசியம்: பெரிய கடனில் 39,000 கட்டிக் குறைப்பதா, சின்னதை முழுசாக அடைப்பதா? வட்டி விகிதம் ஒன்றுதான், மிச்சமாகும் வட்டியும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் சங்கிலிக் கடனில் கொஞ்சம் கட்டினால் நகை வெளியே வராது, முழுசும் கட்டும்வரை பாக்கெட் பூட்டியேதான் இருக்கும். ஜிமிக்கி ரசீதில் அசல் 34,000, பத்து மாத வட்டி 2,692, மொத்தம் 36,692. கட்டினால் அன்றைக்கே தோடு கையில்.

இதனால்தான் நகை வைக்கும்போது எல்லாவற்றையும் ஒரே ரசீதில் வைக்காதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது. தனித்தனியாக வைத்தால் ஒவ்வொன்றாக மீட்கலாம். ஒரே பாக்கெட்டாக வைத்துவிட்டால் மூக்குத்திகூட மொத்தக் கடனும் தீர்ந்தால்தான் வரும்.

ராத்திரி தாளை மனைவியிடம் காட்டினேன். வட்டிக் கணக்கெல்லாம் அவள் காதில் ஏறவில்லை. கடைசி வரியில்தான் நின்றாள்: கடைக்குப் போனால் 39,225-க்கு மூன்றரை கிராம், பேங்குக்குப் போனால் 36,692-க்கு எட்டு கிராம்.

"அது எப்படிங்க கணக்கு? அந்தத் தோடு நம்மளுதுதானே" என்றாள்.

நம்முடையதுதான். அதனால் இதை லாபம் என்று சொல்ல முடியாது. ஆனால் தீபாவளியன்று காதில் என்ன இருக்கும் என்ற கேள்விக்கு இதுதான் பதில். அடகில் ஒரு பவுன் வட்டி தின்றுகொண்டிருக்கும்போது சேதாரம் கொடுத்து அரைப் பவுனுக்கும் குறைவாகப் புதிதாக வாங்குவது நம் ஊரில் வருஷா வருஷம் நடக்கிறது. அட்சய திருதியைக்கு வாங்க வேண்டும் என்பதற்காக வீட்டில் இருந்ததைக் கொண்டுபோய் அடகு வைத்தவரையே எனக்குத் தெரியும்.

அம்மாவின் பயத்துக்கும் இதில் பதில் இருக்கிறது. மீட்ட நகை வீட்டில் இருந்தால் அதுவே அவசரக் கையிருப்பு. வங்கி திறந்திருக்கும் நேரத்தில் ஒரு மணி நேரத்தில் பணமாகும். இன்றைய விலைக்கு அதே தோட்டுக்குப் போன நவம்பரைவிட அதிகமாகவே தருவார்கள். அதுதான் ஆபத்தும். 'விலை ஏறிடுச்சு, இன்னும் இருபதாயிரம் கூடுதலா எடுத்துக்கலாமே' என்று கவுன்ட்டரிலேயே ஆசை காட்டுவார்கள். எனக்கும் காட்டினார்கள்.

இன்னொரு காரணமும் என்னை இந்தப் பக்கம் தள்ளியது. முன்பெல்லாம் வருஷம் முடிந்தால் வட்டியை மட்டும் கட்டிவிட்டு அப்படியே மாற்றி வைத்துவிடுவோம். இந்த வருஷம் எங்கள் கிளையில் விசாரித்தபோது, முழுசும் கட்டி நகையை மீட்ட பிறகுதான் புதிதாக வைக்க முடியும் என்றார்கள். நவம்பரில் ஒரே நாளில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் புரட்ட வேண்டும். இதற்காகவே ஒரு நாளைக்கு மட்டும் பணம் கொடுத்து வட்டி வாங்குகிறவர்கள் வங்கி வாசலில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரு ரசீதையாவது இப்போதே கழித்தால் நவம்பரில் மூச்சு விடலாம்.

காப்பீடு ஒன்று மிச்சம். அப்பா அம்மாவின் பாலிசி அக்டோபரில் புதுப்பிக்க வேண்டியது. செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. இல்லை என்று அறிவிப்பு வந்திருந்ததால் முன்கூட்டியே கட்டாமல் பொறுத்தேன். அதைச் சம்பளத்திலிருந்து பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது.

வியாழக்கிழமை பாதி நாள் லீவு போட்டுவிட்டு இருவரும் போனோம். டோக்கன் வாங்கி, பணம் கட்டி, லாக்கர் அறையிலிருந்து பாக்கெட் வர முக்கால் மணி நேரம். அரக்கு முத்திரையை எங்கள் முன்னால் உடைத்தார் மதிப்பீட்டாளர். தராசில் வைத்தார், ரசீதில் இருந்த எடையோடு பொருந்தியது. மனைவி எடையைப் பார்க்கவே இல்லை. திருகாணி இரண்டும் இருக்கிறதா, ஜிமிக்கியில் அந்த நசுங்கிய முத்து அப்படியே இருக்கிறதா என்று பார்த்தாள். அங்கேயே சுவர்ப் பக்கம் திரும்பி நின்று கவரிங் தோட்டைக் கழற்றிப் பர்ஸில் போட்டுவிட்டு இதை மாட்டிக்கொண்டாள். கையெழுத்துப் போட்டோம். மிச்சம் 2,533 ரூபாய். மகளின் சைக்கிளுக்கு அது போதாது, போன் கண்ணாடிக்குப் போதும். மகளிடம் அதைச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா மருமகளின் காதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி சாப்பிடும்போது மெதுவாக, "என் சங்கிலி எப்பப்பா வரும்?" என்றார்.

அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய வரி முறையில் சம்பளக்காரர்களுக்கு 12,75,000 வரை வரி இல்லை. என் சம்பளம் அதற்குள்தான். ஏப்ரலிலேயே கம்பெனியில் மாற்றிக் கொடுத்துவிட்டேன், டி.டி.எஸ். பிடிப்பது நின்றுவிட்டது. அடுத்த வருஷம் ரீஃபண்ட் என்று ஒன்று வராது. அதற்குப் பதிலாக மாதம் ஏழாயிரம் கிட்டத்தட்டக் கூடுதலாகக் கையில் வருகிறது. ஆறு மாதமாக வருகிறது, எங்கே போகிறதென்று இதுவரை கண்டுபிடிக்கவில்லை. மொத்தமாக வந்த 39,000-க்கு நான்கு பேர் உட்கார்ந்து பேசிய வீட்டில், துளித்துளியாக வந்த நாற்பதாயிரத்தைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

நகைக்கடனில் எப்போது வேண்டுமானாலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டலாம். முதலில் வட்டிக்குப் போகும், மீதி அசலில் கழியும். அக்டோபர் சம்பளத்திலிருந்து மாதம் ஏழாயிரம் அந்த ரசீதுக்குத் தானாகவே போகும்படி ஏற்பாடு செய்துவிட்டேன். நவம்பரில் எப்படியும் ஒருமுறை புரட்டித்தான் மாற்றி வைக்க வேண்டியிருக்கும். "அடுத்த வருஷம் ஆடிப்பெருக்குக்கு வராதும்மா, அதுக்கு அடுத்த வருஷம் ஆடிக்குள்ள வந்துடும்" என்றேன். அம்மா விரல்விட்டு மாதங்களை எண்ணத் தொடங்கினார்.